கம்பி நம்ம தெருவில், கேள்வி யாரிடம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, சுழல் நிதி என்று பேசுவது வழக்கம். இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வேறு. கேபிள் டிவி, செல்போன், இன்டர்நெட் – இந்த மூன்றையும் கண்காணிப்பதில் நம்ம உள்ளாட்சிக்கு என்ன வேலை, நமக்கு என்ன வேலை என்பதுதான் தலைப்பு. "இது ஆம்பளைங்க பேசுற விஷயம் இல்லையா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. இல்லை அக்கா. மாதாமாதம் அந்தப் பணத்தைக் கட்டுவது பெரும்பாலும் நாம்தான். அதனால் நாமதான் பேசணும்.

முதலில் ஒரு கணக்கு. கணக்கு நமக்குப் பழக்கம்தானே. ஒரு ஊராட்சியில் 20 குழுக்கள், குழுவுக்கு 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 குடும்பம். கேபிளுக்கு மாதம் 200 ரூபாய் என்று பேச்சுக்குப் போடுங்க. மாதம் 48,000 ரூபாய். வருஷத்துக்கு 5,76,000 ரூபாய். இது கேபிள் மட்டும். செல்போன் ரீசார்ஜ் தனி. 28 நாள் பிளான் போட்டால் வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை ரீசார்ஜ் செய்கிறோம். ஒரு மாதப் பணம் கூடுதலாகப் போகிறது. குழுவில் 50 ரூபாய் குறைந்தால்கூட நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், இந்த லட்சங்களுக்கு ஒரு ரசீது கேட்டிருக்கிறோமா?

பணம் மட்டும் இல்லை. இன்று நம் பிழைப்பே அந்த சிக்னலில் தொங்குகிறது. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில்தான். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் போட்டோ ஏறாவிட்டால் கூலிக்குச் சிக்கல். ரேஷன் கடையில் கைரேகை வைக்க நெட்வொர்க் வேண்டும். வங்கியில் ஓ.டி.பி. வேண்டும். 108 ஆம்புலன்சுக்குக்கூட போன் போனால்தான் வண்டி வரும். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாலை என்று கிராம சபையில் கேட்கிறோம். அந்த வரிசையில் சிக்னலையும் சேர்க்கிற காலம் வந்துவிட்டது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. குடிசை வீட்டுக்கும் டிவி வந்தது. டிவி வந்ததும் கேபிள் வேண்டும் என்றானது. 2007இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். 2017இல் செட்டாப் பாக்ஸ் வந்தது. அதே காலத்தில் ஆளுக்கொரு செல்போன், வீட்டுக்கொரு இன்டர்நெட். இத்தனையும் நம்ம தெருவில், நம்ம தலைக்கு மேலே, நம்ம காலுக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் இதையெல்லாம் யார் கேட்பது என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை. கேபிள்காரரைக் கேட்டால் "மேலே ரேட் ஏத்திட்டாங்க" என்பார். செல்போன் கடைக்காரரைக் கேட்டால் "கம்பெனியைக் கேளுங்க" என்பார். ஊராட்சியில் கேட்டால் "அது எங்க வேலை இல்லையே" என்பார்கள்.

யார் வேலை என்று பிரித்துச் சொல்றேன். நான்கு கதவுகள் என்று மனதில் வையுங்கள்.

முதல் கதவு, ஊராட்சி. தெரு, சாலை, பொது இடம் ஊராட்சியின் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்திலேயே, உள்ளாட்சியின் நிலத்தில் தந்திக் கம்பி போட அந்த உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது. இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகளும் இருக்கின்றன. இவற்றிலும் பொது இடத்தில் கேபிள் பதிக்க, கம்பம் நட, டவர் நிறுத்த, அந்த இடத்துக்குப் பொறுப்பான அமைப்பிடம் விண்ணப்பம் போட வேண்டும்.

இரண்டாவது கதவு, மாவட்ட ஆட்சியர். 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவில் உள்ள நிர்வாக நடுவர், மாநகரங்களில் காவல் ஆணையர் – இவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். பதிவு இல்லாமல் கேபிள் நடத்துவது, காட்டக் கூடாததைக் காட்டுவது, இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் இவர்கள்.

மூன்றாவது கதவு, டிராய் என்று சொல்லும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். டெல்லியில் இருக்கிறது. கட்டணம் பற்றிய விதி, சேவையின் தரம் பற்றிய விதி அவர்கள் போடுவது. அந்த விதிப்படி கம்பெனி நடக்காவிட்டால் புகாருக்கு வழி உண்டு. அதைப் பிறகு சொல்றேன்.

நான்காவது கதவு, நுகர்வோர் ஆணையம். எல்லா மாவட்டத்துக்கும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சேவை பற்றிய வழக்குக்குக் கட்டணம் கிடையாது. செல்போன் கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பல வருஷம் சட்டச் சண்டை நடந்தது. போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போது ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கேபிள் ரேட்டைக் குறைக்க ஊராட்சித் தலைவரால் உத்தரவு போட முடியாது. எந்த சேனல் வர வேண்டும் என்று தீர்மானம் போட முடியாது. தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் இருந்தாலும் இதுதான் நிலை. முடியாததை அவரிடம் கேட்டு, அவர் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதில் பயனில்லை. அவரால் முடிந்ததை விடாமல் கேட்க வேண்டும். அது என்னவென்று பார்ப்போம்.

ஒன்று, சாலை. கேபிள் பதிக்க ஜேசிபி வந்து நம்ம தெருவைத் தோண்டுகிறது. குடிநீர்க் குழாய் உடைகிறது. இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு அலைவது யார்? நாம்தான். தோண்டிய இடத்தைப் பழையபடி சரிசெய்து கொடுக்க வேண்டியது தோண்டிய கம்பெனியின் பொறுப்பு. அதற்காக வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொள்ள 2016ஆம் ஆண்டு விதியிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். தோண்டுவதற்கு முன்னால் மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு தனிச் செயலியே வெளியிட்டிருக்கிறது. ஆகவே தெருவில் ஜேசிபி நின்றால் தைரியமாகப் போய்க் கேளுங்கள்: "அனுமதிக் கடிதம் இருக்கா? யார் கம்பெனி? எப்ப மூடுவீங்க?" மூன்றே கேள்வி. பதிலை எழுதி வைத்து, ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள்.

இரண்டு, மின்கம்பம். கேபிள் கம்பியை மின்கம்பத்தில் கட்டி இழுத்திருப்பதை எங்கேயும் பார்க்கலாம். மின்வாரியத்தின் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. மழைக்காலத்தில் அந்தக் கம்பி அறுந்து மின்கம்பியோடு உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்திலேயே அந்த வயர் தொங்குகிறது. அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதில் சொல்லுங்கள்.

மூன்று, டவர். இங்கேதான் நமக்குள்ளேயே சண்டை வருகிறது. "சிக்னல் இல்லை, டவர் வேண்டும்" என்று எல்லோரும் கேட்போம். "சரி, எங்கே வைப்பது?" என்றால் "எங்க தெருவில் வேண்டாம்" என்போம். பயம் இருப்பது தப்பில்லை. ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரிய வேண்டும். டவரிலிருந்து வரும் அலைவீச்சுக்குச் சர்வதேச அளவில் ஒரு வரம்பு உண்டு. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் விதி. ஒரு டவர் அந்த அளவுக்குள் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் 'தரங் சஞ்சார்' என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்து, 4,000 ரூபாய் கட்டினால், தொலைத்தொடர்புத் துறையின் ஆட்கள் வந்து அளந்து சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு 4,000 பெரிய தொகை. 20 குழு சேர்ந்தால் குழுவுக்கு 200 ரூபாய்தான். வதந்தியை வைத்துச் சண்டை போடுவதைவிட அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

டவர் விஷயத்தில் இன்னொரு முக்கியமான செய்தி. பொது இடத்துக்கு விண்ணப்பம் வந்தால் குறித்த நாளுக்குள் உள்ளாட்சி பதில் சொல்ல வேண்டும். 2016 விதியில் அது 60 நாள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். பதிலே சொல்லாமல் கெடு முடிந்துவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். புதிய விதிகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. தனியார் இடமானால் 2022இல் செய்த திருத்தத்தின்படி உரிமையாளரின் சம்மதம் போதும். உள்ளாட்சிக்கு எழுத்தில் முன்கூட்டியே தகவலும், கட்டிடம் தாங்கும் என்ற பொறியாளர் சான்றும் கொடுக்க வேண்டும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? பெண் பார்க்க வரும்போது நம்மை உட்காரவைத்து நமக்கே சொன்ன வார்த்தை அது. இங்கே அது சட்டமாகவே இருக்கிறது. டவர் ஏறிய பிறகு சாலை மறியல் செய்வதைவிட, விண்ணப்பம் வந்ததா என்று ஊராட்சி அலுவலகத்தில் மாதம் ஒருமுறை கேட்பது சுலபம். கெடு முடியும்வரை சும்மா இருந்தவர்களுக்கு மறுநாள் கோபப்பட்டுப் பயன் இல்லை.

அடுத்தது, ஊராட்சிக்கு வந்திருக்கும் இன்டர்நெட். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோக, 2018இல் தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கான கருவிகள் ஊராட்சி சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டிடத்திலோ இருக்கும். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? கரண்ட் இணைப்பு இருக்கிறதா? பேட்டரி வேலை செய்கிறதா? இல்லை, அந்த அறையில் பழைய நாற்காலியும் துடைப்பமும் அடைத்து வைத்திருக்கிறார்களா? நமக்காக வந்த பொருள். நாமதான் கேட்கணும்.

இனி கேபிளுக்கு வருவோம். கேபிள்காரர் வெளியூர்க்காரர் இல்லை. நம்ம ஊர்த் தம்பிதான். அவர் மனைவி நம்ம குழுவிலேயே உறுப்பினராக இருக்கலாம். அவருடன் சண்டை போட நான் சொல்லவில்லை. பணம் கொடுக்கும்போது "தம்பி, ரசீது கொடுப்பா" என்று கேட்கச் சொல்றேன். ரசீது கொடுப்பது டிராய் விதி. அது அவருக்கும் நல்லது. எந்த சேனல் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது 2019 முதல் நம் உரிமை. கட்டணச் சேனலின் மாத விலையை டிவித் திரையிலேயே பார்க்கலாம். பார்க்காத சேனலுக்குப் பணம் கொடுக்கிறோமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். கேபிள் நடத்துபவர் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பு தலைமை அஞ்சலகத்தில் வருஷா வருஷம் பதிவு செய்தார்கள். 2025 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி ஒன்றிய அமைச்சகத்தில் ஆன்லைனில், 5 வருஷத்துக்கு ஒருமுறை. பதிவு இருக்கிறதா என்று கேட்பது தப்பில்லை.

உள்ளூர் சேனல் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் நல்லதும் வருகிறது. புயல் எச்சரிக்கை, கோயில் திருவிழா, நம்ம குழுவின் மாவு, ஊறுகாய் விளம்பரம் எல்லாம் வரலாம். ஆனால் "மாதம் இவ்வளவு கட்டினால் இரட்டிப்பு" என்ற சீட்டுக் கம்பெனி விளம்பரமும் வருகிறது. "சர்க்கரை நோய் அடியோடு போகும்" என்று மருந்து விளம்பரமும் வருகிறது. பெண்களை இழிவாகக் காட்டும் காட்சிகளும் வருகின்றன. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் கேபிள் சட்டத்தில் நெறிமுறை இருக்கிறது. எந்த சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

இந்த இடத்தில் நம்ம கூட்டமைப்பு காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2005இல் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், கேபிள் நிகழ்ச்சிகளைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் குழு அமைக்கச் சொன்னது. தலைவர், மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்களில் ஒருவர் மகளிர் கல்லூரி முதல்வர். இன்னொருவர், பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பின் பிரதிநிதி. நமக்கென்று ஒரு நாற்காலியைக் காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள் அக்கா! நம்ம மாவட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். நாற்காலி காலியாக இருந்தால், அதில் நம்ம கூட்டமைப்பின் ஒருவரை அமர்த்தும்படி கேட்போம்.

செல்போன் புகாருக்கு வழி இதுதான். முதலில் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசி, புகார் பதிவு எண்ணை வாங்கி நோட்டில் எழுதுங்கள். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றுபோனால், இயற்கைப் பேரிடர் காலம் தவிர, வாடிக்கையாளருக்கு அந்த நாளை ஈடுகட்ட வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. நெட் தேவைப்படாத மாமியார், அம்மாவுக்கு, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. 30 நாள் பிளானும் எல்லாக் கம்பெனியிலும் இருக்க வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "உங்க மாடியில் டவர் வைக்கிறோம், மாதம் பெரிய வாடகை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். டவர் வைக்க டிராய் நம்மிடம் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, சான்றும் கொடுப்பதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930. நம்ம ஆதார் நகலை வைத்து வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். கடனுக்கு, வேலைக்கு என்று எத்தனை இடத்தில் நகல் கொடுத்திருக்கிறோம்? அதனால் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் குழுவுக்கு ஒருவர் வீதம் எடுத்து, அவர்களில் மூன்று பேரை இதற்குப் பொறுப்பாக்குவோம். அவர்களிடம் ஒரு நோட்டு. எந்தத் தெருவில் சிக்னல் இல்லை, எந்தக் கம்பத்தில் வயர் தொங்குகிறது, எங்கே தோண்டி மூடவில்லை என்று தேதியோடு எழுத வேண்டும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபையிலேயே இந்தத் தீர்மானத்தைக் கொடுங்கள்:

"நமது ஊராட்சியில் செல்போன் சிக்னல் கிடைக்காத தெருக்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பவும், கேபிள் பதிக்கவும் டவர் அமைக்கவும் வரும் விண்ணப்பங்களையும் முன்னறிவிப்புகளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், தோண்டிய சாலைகளைச் சரிசெய்த பின்னரே பணி முடிந்ததாக ஏற்கவும், ஊராட்சியில் உள்ள இணையக் கருவிகளின் நிலையை ஒவ்வொரு கிராம சபையிலும் தெரிவிக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது."

தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். குழு தொடங்கிய நாளில் நாம் கற்ற முதல் பாடம் அது.

உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போவது இங்கே இருக்கிற யாராவது ஒருவர்தான். அன்றைக்கு உங்கள் மேஜைக்கு ஒரு டவர் விண்ணப்பம் வரும். கெடு முடியும்வரை அது அலமாரியில் தூங்குமா, அறிவிப்புப் பலகையில் ஏறுமா என்பது உங்கள் கையில். அதற்கான பழக்கத்தை இன்றைக்கே தொடங்குவோம்.